மூங்கில் ஆணியும் மூன்றாவது ஆளும்

"அவருகிட்ட சொல்லுக்கா, அந்தப் பலகைய இன்னும் அரை நூல் கீழ எறக்கிப் புடிக்கச் சொல்லு."

சொன்னவன் ஏழுமலை, என் மனைவி அஞ்சலையின் தம்பி. அவன் சொன்ன அந்த 'அவரு' நான்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்தில் ஒரு மரக்கப்பல் இருந்தது. பலகையின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவன் கையில். அஞ்சலை பத்தடி தள்ளித் துவைக்கிற கல்லில் போர்வை அலசிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா? அரை நூல் கீழயாம்" என்றாள், தலையைத் தூக்காமல்.

"அரை நூல் எறக்குனா மேல சந்து விழும்னு சொல்லு" என்றேன்.

"சந்து விழுமாம்டா."

"உழுந்தா உழட்டும். ஆணி போட்டா மூடிக்கும்னு சொல்லுக்கா."

"மூடிக்குமாம்."

நெய்வேலி குவார்ட்டர்ஸில், எங்கள் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில், ஒரு பாய்மரக் கப்பலுக்கு இப்படித்தான் பலகை அடைத்தோம். எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்கள் பதினெட்டு இருபது வருடமாக ஒரு வார்த்தை நேராகப் பேசிக்கொண்டதில்லை. பேச்செல்லாம் அஞ்சலை வழியாகத்தான்.

படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. என் மகள் சத்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம் அது. பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுத்து மணவறைக்கு அழைத்து வரவேண்டியவன் தாய்மாமன். அந்தத் தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து, வாய் திறந்து, நேராக அழைக்கவேண்டியவன் பெண்ணின் அப்பா. அஞ்சலையிடம் சொல்லி அனுப்புகிற சமாசாரமில்லை அது. நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்ற உட்கார்ந்தபோது மாப்பிள்ளையின் பெரியப்பா, "பொண்ணோட தாய்மாமன் எங்கங்க?" என்று கேட்டார். ஏழுமலை தெருவில் தன் வண்டிமேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். நான் போய்க் கூப்பிட்டிருக்கவேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு மாதிரியாகச் சமாளித்துவிட்டோம். ஆனால் பெரியப்பா போகும்போது, "கல்யாணத்துக்காவது அவர முன்ன நிறுத்துங்க. எங்க பக்கத்துல நாலு பேரு கேப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணம் ஆவணியில். கப்பலும் கல்யாணமும் ஒன்றாக என் கழுத்தைப் பிடித்தன.

எதற்குக் கப்பல்?

போன வாரம் இதே பத்திரிகையில் எங்கள் ஊரைச் சாய்த்த புயலைப் பற்றி எழுதியதும் ஒரு வாசகர் போன் செய்தார். "பின்னால கப்பல் செஞ்சேன்னு ஒரு வரி வருதே, நெய்வேலியில ஏதுங்க கப்பல்?" என்றார். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் சுரங்கம் தோண்டிய பெரிய பள்ளம் இருக்கிறது, பள்ளத்திலிருந்து இறைத்துக் கொட்டுகிற தண்ணீர் இருக்கிறது, சாம்பல் இருக்கிறது. கடல் இல்லை. நிஜக் கப்பலை நான் கடலூர் துறைமுகத்தில் ஒரே ஒரு முறை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அது துருப்பிடித்து நின்றது.

புயலில் எங்கள் குவார்ட்டர்ஸ் பின்னாலிருந்த பலாமரம் சாய்ந்தது. ஊரெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் விறகுக்குக்கூட யாரும் சீண்டவில்லை. வெட்டிப் போட்டால் உள்ளே மஞ்சள் மஞ்சேளென்று இருக்கிறது. வாசனை வேறு. அடுப்பில் வைக்க மனசு வரவில்லை. அறுவை மில்லில் கொடுத்து மெல்லிய பலகையாக அறுத்து, கொட்டகையில் அடுக்கி வைத்தேன்.

அதே வருடம் பழைய புத்தகக் கடையில் ஒரு தடிமனான புத்தகம் கிடைத்தது. என்ன மொழியென்றே தெரியாது. உள்ளே முழுக்க பாய்மரக் கப்பலின் வரைபடங்கள். விலா விலாவாக, குறுக்குவெட்டு, நெடுக்குவெட்டு. படம் பார்த்தால் எனக்கு வேலை புரியும். அதுதான் நான் செய்த தப்பு. புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அஞ்சலை கேட்டாள், "பலகை கெடக்குது, சரி. அதுக்கு அலமாரி செஞ்சா ஆவாதா?" ஆகும்தான். ஏன் அலமாரி செய்யவில்லை என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாது.

புள்ளிகள்

வரைபடத்தில் பலகைகள்மேல் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். இரும்பு ஆணி என்று நினைத்து, செருப்புக்கு அடிக்கிற குட்டி ஆணியில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். நாலு பலகை அடித்த பிறகு சத்யா தன் போனில் ஒரு வெளிநாட்டுக்காரர் இதே மாதிரிக் கப்பல் செய்வதைக் காட்டினாள். அவர் சுத்தியலால் தட்டுவது ஆணியே இல்லை. மரக்குச்சி.

"மரத்துல மரத்தாலயே ஆணியாப்பா?" என்றாள் சத்யா.

"அந்தக் காலத்துக் கப்பலெல்லாம் அப்படித்தான் போல" என்றேன், முன்பே தெரிந்தவன் மாதிரி.

நாலு பலகையையும் பிடுங்கினேன். மர ஆணிக்கு எங்கே போவது? முதலில் தோன்றியது ஊதுவத்திக் குச்சி. மூங்கில்தானே அது? ஒரு கட்டு வாங்கி, மருந்தைச் சுரண்டி எடுத்து, கழுவிக் காயவைத்து அடித்தேன். மறுநாள் ஒவ்வொன்றாக வெளியே வந்து நின்றன. வாசனை எண்ணெய் ஊறியிருந்த குச்சியில் பசை பிடிக்கவே இல்லை. கொட்டகை மட்டும் ஒரு வாரம் பூஜை அறை மாதிரி மணத்தது. பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னங்க விசேஷம்?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பிறகு நாமே செய்வது என்று முடிவானது. ஒரு இரும்புத் தகட்டில் வரிசையாக ஓட்டை போட்டேன், ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கொஞ்சம் சின்னது. தட்டார் தங்கக் கம்பி இழுப்பாரே, அதே முறை. மூங்கிலைச் சிம்பு சிம்பாகக் கிழித்து, நுனியைக் கூராக்கி, பெரிய ஓட்டையில் விட்டு குறடால் பிடித்து இழுக்கவேண்டும். பிறகு அடுத்த ஓட்டை, அதற்கடுத்தது. கடைசி ஓட்டையிலிருந்து வரும்போது கோணி ஊசியைவிட மெல்லிசாக உருண்டு வரும். பாதி வழியில் முறிந்தால் முதலிலிருந்து. அதைத் துண்டு துண்டாக நறுக்கினால் ஆணி. பலகையில் துளை போட்டு, நுனியில் பசை தொட்டு, தட்டி இறக்கி, மேலே நிற்பதை நறுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஒரு புள்ளி தெரியும். ஒரே ஒரு புள்ளி. ஒரு கப்பலுக்கு எத்தனை புள்ளி என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்னொன்று. இரும்பு ஆணி அடித்தவுடன் பலகையைப் பிடித்துக்கொள்ளும், ஒருத்தன் தனியாகச் செய்துவிடலாம். மூங்கில் ஆணிக்கு அந்தப் பிடி கிடையாது. பசை காய்கிறவரை பலகையை யாராவது அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். அதிலும் கப்பலின் மூக்குப் பக்கம் பலகை வளைந்து முறுக்கிக்கொண்டு போகும். அதற்கு ஆவியில் வேகவைக்கவேண்டும். அஞ்சலையின் இட்லிப் பானையில்தான் வைத்தேன். அன்றைக்கு வாங்கிய திட்டை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

பேசாதவன் வந்து உட்கார்ந்தான்

ஏழுமலை வாராவாரம் லீவு நாளில் அக்காவைப் பார்க்க வருவான். வருவான், அடுக்களை வாசலில் உட்கார்வான், சாப்பிடுவான், சத்யாவோடு வாயாடுவான், போவான். நான் இருந்தால் எனக்கு ஒரு தலையசைப்புகூடக் கிடையாது. நானும் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன்.

ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் வந்தவன், கப்பலைப் பார்த்து நின்றுவிட்டான். நான் அடித்திருந்த ஆணி வரிசையில் பலகை நீளத்துக்குப் பிளந்திருந்தது.

"அக்கா, இவரு என்னா பெல்ட்டா ஒட்டறாரு?" என்றான். "ஒரே கோட்ல துளை போட்டா பொளக்காம என்னா பண்ணும்? மேலயும் கீழயுமா மாத்தி மாத்திப் போடச் சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது சரி. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஜாயின்ட் போடுவது என் வேலை. பெல்ட்டில் கிளிப் அடித்தால் நூல் பிடித்தாற்போல் நேர்கோடாக அடிக்கவேண்டும். வருடக்கணக்கில் அடித்த கை, மரத்திலும் அப்படியே அடித்துவிட்டது. ரப்பருக்கு நார் கிடையாது, மரத்துக்கு உண்டு.

அடுத்த வாரம் அவன் வந்தான், நேராகக் கொட்டகைக்குப் போனான், பலகையின் மறுமுனையைப் பிடித்தான். கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. அதற்கடுத்த வாரமும். என்ன கூத்து இது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னோடு பேச மாட்டான். என் கப்பலுக்கு ஆணி அடிப்பான். பேசவேண்டுமென்று நினைத்து வருகிறானா? என் வேலையில் குற்றம் கண்டுபிடிக்க வருகிறானா? அஞ்சலையைக் கேட்டேன்.

"வரான், ஒத்தாசை பண்றான். ஏன்னு கேட்டு அதையும் கெடுத்துக்காதீங்க" என்றாள்.

வேலை வந்த கதை

அவன் ஏன் பேசுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கம்மாபுரம் பக்கம் என் மாமனாருக்குக் கொஞ்சம் நிலம். அது சுரங்கத்துக்குப் போனபோது நஷ்டஈட்டோடு குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. வீட்டில் மகன் இருக்கிறான். ஏழுமலை அப்போதுதான் ஐ.டி.ஐ. முடித்திருந்தான். யாராக இருந்தாலும் அவன் பெயரைத்தான் கொடுப்பார்கள். மாமனார் என் பெயரைக் கொடுத்தார்.

நான் சேத்தியாத்தோப்பில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். எங்கள் வீட்டில் நிலம் என்று ஒரு பிடி மண் கிடையாது. அப்பா அடுத்தவர் வயலில் அறுத்தே ஓய்ந்தவர். சைக்கிள் ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த நான் கன்வேயர் பெல்ட் ஒட்டப் போனேன். பெர்மனென்ட் ஆனேன், குவார்ட்டர்ஸ் வந்தது, ஷிப்ட் பஸ் வந்தது. சத்யா அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏழுமலை சின்னப் பையன். அடுத்த நெலம் போவறப்ப அவனுக்குப் பாத்துக்கலாம்" என்றார் மாமனார். அந்த அடுத்த நிலம் போகவே இல்லை. சுரங்கம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. நஷ்டஈட்டுப் பணத்தில் ஏழுமலை வீடு கட்டினான், டிராக்டர் வாங்கினான், டிராக்டரை விற்றான், கடைசியில் அதே மைன்ஸுக்குக் கான்ட்ராக்டில் வந்து சேர்ந்தான். ஒரே கேட் வழியாகத்தான் இருவரும் உள்ளே போவோம். அவன் சம்பளம் அவன் வீட்டுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். பார்த்தும் பார்க்காத மாதிரிப் போவேன். அவன் வேலை என் சட்டைப் பையில் இருப்பதுபோல் இருக்கும் எனக்கு.

மாமனார் ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார்? கைவேலை தெரிந்தவன், பொறுப்பானவன், பெண்ணை நன்றாக வைத்திருக்கிறவன் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எருமையிடம் சொன்னவர்

ஆள் வைத்துப் பேசுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. சேத்தியாத்தோப்பில் எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். சித்தியோடு ஏதோ மனஸ்தாபம். பிள்ளைகள் கிடையாது, நடுவில் ஆளில்லை. அதனால் வாசலில் கட்டியிருந்த எருமையிடம் சொல்வார்: "இந்தா, எனக்கு இன்னும் ரெண்டு கரண்டி கொழம்பு வேணும்." சித்தியும் அதே எருமையைப் பார்த்து, "கொழம்பு தீந்துபோச்சி, மோரு இருக்குது" என்பாள். எருமை அசைபோட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கும்.

சின்ன வயதில் அதைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். இத்தனை வயதில் அதே பிழைப்பு எனக்கு வந்தது. எருமை வேலை பார்த்தவள் அஞ்சலை. இதை அவளிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன் ஒருநாள். அன்றைக்கு மோரும் கிடைக்கவில்லை.

ஒரே டப்பா

கோடையில் அடுத்த குழப்பம். வெயில் ஏற ஏற, அடித்து முடித்திருந்த ஆணிகள் ஆடத் தொடங்கின. நகத்தால் நெம்பினால் சில கையோடு வந்தன. பக்கத்திலேயே வேறு சில அசையவே இல்லை. ஒரே மூங்கில், ஒரே தகடு, ஒரே பசை. ஏன் இப்படி? ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பலகை சுருங்கிவிட்டதா? பசை கெட்டுப்போனதா? சாம்பல் தூசி துளைக்குள் போய்விட்டதா?

"அவரு ஆணியத்தான் ஈரத்தோட அடிச்சிருப்பாரு, கேளுக்கா" என்றான் ஏழுமலை.

"நான் ஏன் ஈரத்தோட அடிக்கிறேன்? ஃப்ரிட்ஜுக்குப் பின்னால சூட்டுல ஒரு நாள் முழுக்க வெச்சிக் காயவெச்சி இல்ல டப்பாவுல போடறேன்" என்றேன் அஞ்சலையிடம்.

அஞ்சலை போர்வையை உதறிக்கொண்டே தம்பியைப் பார்த்தாள். "நீ என்னாடா பண்ணுவ?"

அவன் டப்பாவைத் திறந்து பார்த்தான். "தண்ணியில ஊற வெச்சிதான் அடிப்பேன். வழுவழுன்னு எறங்கும்."

அவன் ஊறவைத்து டப்பாவில் போட்டது, நான் காயவைத்து அதே டப்பாவில் போட்டது. காய்ந்த ஆணி துளைக்குள் போனபின் காற்றின் ஈரம் பட்டு உப்பி இறுகிக்கொண்டது. ஊறின ஆணி வெயிலில் சுருங்கி விட்டுக்கொடுத்தது. எது எவன் ஆணி என்று பார்த்தால் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரிப் புள்ளிகள். ஒரு வாய் வார்த்தை பேசியிருந்தால் முதல் வாரமே தீர்ந்திருக்கும். இப்போது ஒவ்வொரு ஆணியையும் நெம்பிப் பார்த்து, ஆடுவதைப் பிடுங்கி, மறுபடி அடிக்கவேண்டும்.

அஞ்சலைக்கு அன்றுதான் பொறுமை போனது. போர்வையைக் கொடியில் வீசினாள்.

"இத்தோட சரி. இனிமே நான் யாருக்கும் எதையும் சொல்ல மாட்டேன். ரெண்டு பேருக்கும் ஆண்டவன் வாய் வெச்சிருக்கான். நானும் பொண்ணும் ஞாயித்துக்கெழம சேத்தியாத்தோப்புக்கு ஜவுளி எடுக்கப் போறோம். நீங்களாச்சி, உங்க கப்பலாச்சி."

பசை காயும்வரை

ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். வண்டியை நிறுத்திவிட்டு, "அக்கா" என்று ஒரு தடவை வாசலில் கூப்பிட்டுப் பார்த்தான். ஆள் இல்லை என்று அவனுக்கும் தெரியும். பிறகு கொட்டகைக்கு வந்தான்.

மூக்குப் பக்கத்துப் பலகை அன்று. இருக்கிறதிலேயே பொல்லாதது. ஆவியில் வைத்து வளைத்து, பசை தடவி, காய்ந்த ஆணிகளை இறக்கினேன். அவன் உட்புறமாகக் கையை விட்டு முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டான். நான் வெளியிலிருந்து அமுக்கினேன். கை எடுத்தால் பலகை தெறித்துவிடும். தகரக் கூரை அனலாகக் கொதித்தது. அவன் நெற்றி வேர்வை கப்பலுக்குள் சொட்டியது.

"இந்தக் கப்பலுக்கு மூக்கு கொஞ்சம் கோணை" என்றான், கப்பலைப் பார்த்து.

"கப்பல் நேராத்தான் இருக்குது. புடிக்கிற கை கோணை" என்றேன், நானும் கப்பலைப் பார்த்து.

இரண்டாவது ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. இவன் இப்போது எழுந்து போகமுடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் எழுந்து போகமுடியாது. பசை காய இன்னும் கால் மணி நேரமாவது ஆகும். இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்கமாட்டேன். ஐம்பது வயதை நெருங்கியவன், பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி இருந்தேன்.

"ஏழுமலை" என்றேன்.

நிமிர்ந்தான்.

"சத்யா கல்யாணத்த நீ முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும். வெத்தல பாக்கு எடுத்துக்கினு உன் வூட்டுக்கே வந்து கூப்புடறேன், அது வேற. இப்ப வாயால கேக்கறேன். வருவியா?"

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "வராம? நான் தூக்கி வளத்த பொண்ணு" என்றான். பிறகு, "நீங்க கூப்புடாம உட்டுடுவீங்களோன்னு எனக்குத்தான் பயமா இருந்திச்சி மாமா."

மாமா என்று அவன் சொல்லிக் கேட்டு எத்தனை காலம். இத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"அப்புறம் என்னாத்துக்குடா இத்தினி வருஷம் பேசாம இருந்த? உன் வேலைய நான் எடுத்துக்கினேன்னு தான?"

"நீங்க எங்க எடுத்தீங்க? குடுத்தாங்க, போனீங்க. உங்க மேல எனக்கு என்னா கோவம்?"

"பின்ன?"

அவன் கையைப் பார்த்தான். கை கப்பலுக்குள் மாட்டியிருந்தது. எடுக்கமுடியாது.

"அக்காதான் மாமா, அப்பாகிட்ட கேட்டு உங்களுக்கு வாங்கிச்சி. ஒரு மதியானம். நான் கூடத்துல படுத்துக்கினு இருந்தேன், தூங்கறன்னு நெனச்சிக்கினு பேசுனாங்க. அப்பா என் பேரத்தான் சொன்னாரு. அக்கா உடல, அழுது வாங்கிச்சி." தோளால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான். "அம்மா போனப்புறம் எனக்குச் சோறு போட்டு வளத்ததே அக்காதான். அதுகிட்டப் பேசாம இருக்க என்னால ஆவுமா? ஆனா யாருகிட்டயாச்சும் பேசாம இருக்கணும்னு இருந்திச்சி. அதான் உங்ககிட்ட பேசல."

எனக்குக் கோபம் வரவேண்டுமா, சிரிப்பு வரவேண்டுமா என்று தெரியவில்லை. பதினெட்டு இருபது வருடம். கேட்டில் அவனைப் பார்த்தும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனவன் நான். அத்தனையும் வேறொருத்திக்குச் சேரவேண்டியதாம்.

"அப்ப இங்க வந்து ஆணி அடிச்சது?"

"அக்காவப் பாக்காம இருக்க முடியல. வந்தா அது மூஞ்சப் பாத்து உக்காந்துக்கினு இருக்கணும். கையில வேலை இருந்தா குனிஞ்சிக்கலாம் பாருங்க" என்றான். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

பசை காய்ந்தது. அவன் கையை உருவி எடுத்தான். குழாயில் முகம் கழுவிக்கொண்டு, "வரேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுக்களையில்

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பைகளோடு வந்தாள் அஞ்சலை. சத்யா புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தோழிக்குப் போனில் படம் அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் அடுக்களைக்குப் போனேன்.

"தம்பி வந்தானா?"

"வந்தான். கல்யாணத்துக்குக் கூப்ட்டுட்டேன். முன்ன நின்னு நடத்தித் தரேன்னுட்டான்."

அவள் கும்பிட்டுக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் கேட்டிருக்கக் கூடாது. வாய் சும்மா இருக்கவில்லை.

"வேலைய எனக்கு வாங்கிக் குடுத்தது நீதானாம்."

அரிசி களைந்துகொண்டிருந்தவள் தண்ணீரை வடித்துவிட்டு, அடுத்த தண்ணீர் ஊற்றினாள்.

"சொல்லிட்டானா" என்றாள். "ஆமா. நான்தான் கேட்டேன்."

"எனக்காகப் போயி அப்பாகிட்ட அழுதியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"உங்களுக்காகன்னு யாரு சொன்னது?" என்றாள். "அந்த நெலத்துல நானும்தான நாத்து நட்டேன், களை எடுத்தேன். நஷ்டஈடு தம்பிக்கு, வேலையும் தம்பிக்குன்னா எனக்கு என்னான்னு கேட்டேன். என் பங்கா அந்த வேலைய எனக்குக் குடுன்னுதான் அழுதேன். பொம்பள மைன்ஸுக்குப் போறதான்னு அப்பா ஒரே புடியா நின்னுட்டாரு. சரி, உங்க பேர்லயாவது எழுதுன்னேன்."

அரிசியை உலையில் போட்டாள்.

"அது என் வேலைங்க. நீங்க போயிக்கினு வந்துக்கினு இருந்தீங்க."

மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். இருட்டோடு அவள்தான் எழுப்பினாள், டிபன் கட்டிக் கையில் கொடுத்தாள், "பஸ் வந்துடும், கெளம்புங்க" என்றாள்.